ஆதாம் வாங்கின முன்பணம்

ரெண்டு பேரும் ஜெயிக்கணும்னா மருமவனுகளா, முதல்ல வேதபுஸ்தகத்தை முழுசாப் படிக்கிறதை நிறுத்துங்க. முழு அதிகாரம் படிச்சவன் விவாதத்துல ஜெயிச்சதா நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு வசனத்தை எடு, மேலயும் கீழயும் இருக்கிறதை உள்ளங்கையால மறை, எந்திரிச்சு நின்னு சத்தமாச் சொல்லு. இந்த வித்தையைப் பெரியவன் பைபிள் காலேஜுக்குப் பணம் கட்டிப் படிச்சான். சின்னவன் காசே இல்லாம போன்ல படிச்சுட்டான். அதுல சின்னவன்தான் கெட்டிக்காரன்.

நான் எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. ஞாயித்துக்கிழமை சி.எஸ்.ஐ. கோயில், திருவிழான்னா மவுண்ட் கார்மல், காவடி எடுக்கிறாங்கன்னா சுப்பிரமணியசாமி கோயில் படிக்கட்டு. பெரியவன் இதைச் சிலை வணக்கம்கிறான், சின்னவன் சந்தர்ப்பவாதம்கிறான். மூணு இடத்துலயும் சாப்பாடு போடுவாங்கன்னு உங்க ரெண்டு பேருக்குமே தோணலை பாரு.

பாவத்தைப் பத்திப் பேச மூணாறை விடத் தோதான ஊர் ஏது? வேற ஊர்ல எல்லாம் கோயிலைக் கட்டிட்டு அப்புறம் கல்லறைக்கு இடம் பாப்பான். இங்க தலைகீழ். 1894-ல ஹென்றி நைட்டுன்னு ஒரு துரையோட சம்சாரம் எலியனோர், 24 வயசுப் பொண்ணு, காலராவுல செத்துப்போச்சு. அதைப் புதைச்ச மேட்டுலதான் கல்லறைத் தோட்டம் வந்தது. அதுக்குக் கீழ கிறிஸ்து நாதர் கோயிலுக்கு அஸ்திவாரக் கல் போட்டது 1910-லதான். அந்தப் பொண்ணு என்ன பாவம் செஞ்சுது, அதோட அப்பன் என்ன பாவம் செஞ்சான்னு கேக்க அப்ப ஒரு பாஸ்டரும் பக்கத்துல இல்லை. அந்த வகையில கொடுத்து வச்ச பொண்ணு.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரியவனே, நீ சொன்னது என்ன? ஆதாம் பழத்தைத் தின்னான், அதனால பொறக்கிற பிள்ளை எல்லாம் பாவியாத்தான் பொறக்குது. உங்க கூட்டத்துல ஜென்மப் பாவம்னு சொல்றதை, எங்க லயத்துப் பள்ளிக்கூடத்துல உபதேசியார் சென்மப் பாவம்னு சொல்லிக் கொடுத்தார். நம்மளாச் செய்யிறது கர்மப் பாவம். எனக்கு ரெண்டாவது உடனே புரிஞ்சது, அதுல அனுபவம் இருந்தது. முதலாவதை எனக்குப் புரிய வச்சது உபதேசியார் இல்லை, எங்க பாட்டன்.

பாட்டனைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி கயத்தாறு பக்கத்துலருந்து கூட்டிட்டு வந்தார். கையில முன்பணம் கொடுத்தார். வழிச்செலவு அதுல ஏறிச்சு, மலைக்குளிருக்குக் குடுத்த கம்பளி ஏறிச்சு, அரிசி ஏறிச்சு. போடியிலருந்து குரங்கணி வழியா டாப் ஸ்டேஷன் ஏறி வந்து நிக்கும்போதே ஆள் கடன்காரன். எவ்வளவு கடன்னு எழுதின பேரேடு கங்காணி கையில. அது தீர்றதுக்குள்ள எங்க அப்பா பொறந்துட்டார், அவர் பேரும் பதிவாச்சு. ஆதாம் கதையும் இதுதான்டா. முன்பணம் வாங்கினது அவன், பழம் தின்னது அவன், பேரேட்டுல நம்ம பேர். அந்தக் கடனை முதலாளியோட மகனே வந்து தன் உசிரைக் கொடுத்துக் கட்டினார்னு சொல்ற இடத்துல எனக்கு இன்னைக்கும் கண்ணு கலங்கும். அது வேற. பேரேடு எப்படி வந்துச்சுன்னு கேக்கிறதுக்கும் கண்ணு கலங்குறதுக்கும் ஒண்ணுக்கொண்ணு சண்டை இல்லை.

இந்தக் கணக்கைத் தீத்து எழுதினவர் அகுஸ்தினார். வாலிபத்துல பக்கத்துத் தோட்டத்துல பேரிக்காய் திருடினதை, பசிக்கு இல்லாம திருட்டுக்காகவே திருடினேன்னு பிற்காலத்துல பக்கம் பக்கமா எழுதி அழுதார். காந்தளூர்ப் பக்கம் பொறந்திருந்தா மனுசன் நிம்மதியா இருந்திருப்பார், அங்க பேரிக்காயை யாரு கணக்கு பாக்கிறா? அவருக்கு எதிர்க்கட்சி பெலாஜியுஸ்னு ஒருத்தர். ஆதாம் கெட்ட உதாரணம் காட்டினான், அவ்வளவுதான், நல்லவனா வாழ ஒவ்வொருத்தனுக்கும் சக்தி இருக்குன்னார். 418-ல கார்த்தேஜ்ல சங்கம் கூடி பெலாஜியுஸ் சொன்னது தப்புன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுல மாட்டிக்கிட்டது யாருன்னா, ஞானஸ்நானம் வாங்குறதுக்குள்ள செத்துப்போன பச்சைக் குழந்தைங்க. அதுங்களுக்கும் தண்டனை உண்டு, ஆனா ரொம்ப லேசானதுன்னு அகுஸ்தினார் சொன்னார். 2007-லதான் வாடிகன்ல இறையியல் குழு ஒண்ணு உக்காந்து, அந்தப் பிள்ளைங்க மோட்சம் போகும்னு நம்ப இடம் இருக்குன்னு அறிக்கை கொடுத்துச்சு. ஆயிரத்தி அறுநூறு வருஷம் அந்தப் பிள்ளைங்களோட தாய்மார் என்ன நினைச்சுக்கிட்டுப் படுத்தாங்கன்னு எந்தச் சங்கமும் கேட்டதா தெரியலை.

இன்னொண்ணு சொல்றேன், இதை உங்க பாஸ்டர்கிட்ட சொல்லிடாதே. பஸ் ஏறி அடிமாலி, நேரியமங்கலம் தாண்டிக் கோதமங்கலம் போ. அங்க சுரியானிக்காரங்க கிட்ட ஆதாமோட குற்றம் நம்ம தலையில எழுதியிருக்கான்னு கேளு. கீழ்த்திசைச் சபைக்காரங்க பொதுவா, ஆதாம்கிட்டருந்து நமக்கு வந்தது சாவும் பலவீனமும்தான், அவன் குற்றம் அவனோடதும்பாங்க. மலை இறங்க இறங்க நம்ம கடன் குறையுது பாத்தியா.

சின்னவன் சிரிக்காதே. உனக்கும் இருக்கு. ‘இந்துக்கள் இவ்வளவு கேவலமா குழந்தையைப் பாவின்னு சொல்றதில்லை’ன்னு நீ சொன்னே. அப்படியா? முன்ஜென்மத்துல செஞ்சது இந்த ஜென்மத்துல அனுபவிக்கிறான்னு உன் அத்தை வீட்டுப் பக்கத்துல கால் ஊனமான பையனைப் பாத்து ஆளுங்க சொல்லலியா? மதுரைக்கு 1606-ல வந்த தத்துவ போதகர், அதான் ராபர்ட் தெ நோபிலி, காவி கட்டி, காய்கறி சாப்பாடு சாப்பிட்டு, மறுபிறப்பு கிடையாதுன்னு தமிழ்ல நூலே எழுதினார். நியாயமாக் கேட்டார். ஆனா அவர் பெட்டியிலயும் சென்மப் பாவம் பத்திரமா இருந்துச்சு. ஒருத்தர் போன ஜென்மம்னார், இன்னொருத்தர் ஆதாம்னார். பிள்ளை கடனோடதான் பொறக்கணுங்கிறதுல மட்டும் ரெண்டு தரப்புக்கும் தகராறே இல்லை.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த ரெண்டு கட்சியையும் ஒரே கேள்வியில போட்டு ஏசுகிட்டயே கேட்டுட்டாங்க. யோவான் ஒன்பதாம் அதிகாரம். பொறவிக் குருடன் ஒருத்தனைக் காட்டி, இவன் பாவமா, இவனைப் பெத்தவங்க பாவமான்னு சீஷர்கள் கேக்கிறாங்க. பொறக்குறதுக்கு முன்னாடி அவன் எங்கடா பாவம் செஞ்சான்? முன்ஜென்மக் கட்சியும் அதுல இருக்கு, பேரேட்டுக் கட்சியும் இருக்கு. அவர் ரெண்டும் இல்லைன்னுட்டார். கடவுளோட வேலை இவன்கிட்ட வெளிப்படத்தான்னு சொல்லிட்டு, மண்ணைக் குழைச்சுக் கண்ணுல பூசப் போயிட்டார். சீஷர்களுக்குப் பெரிய ஏமாத்தமா இருந்திருக்கும். தத்துவம் கேட்டாங்க, வைத்தியம் நடந்துச்சு.

பெரியவனே, இப்ப நான் கேலியா பேசலை. பெட்டிமுடியைப் பத்தி நீ அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னே. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மழை, கரண்ட் இல்லை, போன் இல்லை. மலை சரிஞ்சு லயங்களை அப்படியே மூடிச்சு. மறுநாள் காலையிலதான் வெளியே தெரிஞ்சது. எழுபது பேர். நாலு பேர் உடம்பு கடைசி வரைக்கும் கிடைக்கலை. நம்ம கயத்தாறு ஆளுங்கதான் அதுல நிறைய. பள்ளிக்கூடப் பிள்ளைங்க. அதைப் பாவத்தோட சம்பளம்னு நீ சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து சொன்னே. ரோமர் ஆறாம் அதிகாரத்துல பவுல் சம்பளம்னு எழுதினது உண்மைதான். அதே புஸ்தகத்துல லூக்கா 13-ஐ நீ கையால மறைச்சுட்டே. எருசலேம்ல சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டு பேர் செத்தாங்க. ஊர்ல மத்தவங்களை விட இவங்க பெரிய பாவிங்களான்னு ஏசுவே கேட்டு, இல்லைன்னு அவரே பதிலும் சொல்லிட்டார். அடுத்த வரியில, மனந்திரும்பலேன்னா நீங்களும் அப்படித்தான் சாவீங்கன்னு இருக்கேன்னு நீ கேப்பே. இருக்கு. அது யாருக்குச் சொன்னது? கோபுரத்துக்கு வெளியே நின்னு, செத்தவன் கணக்கை எண்ணிக்கிட்டு இருந்தவனுக்கு. எஸ்டேட் லயம் எந்தச் சரிவுல நிக்குது, மலை வெடிச்சா ஓட வழி எங்கன்னு பாத்துச் சொல்ற வேலை ஆதாமுக்கு யாரும் கொடுக்கலை. 1924 வெள்ளத்துல குண்டளை ரயில் அடிச்சிக்கிட்டுப் போனதுலருந்து இந்த மலை சரியும்னு எல்லாருக்கும் தெரியும். பெட்டிமுடிக்குப் பாவி தேடுறதா இருந்தா கீழே பாத்துத் தேடு, ஏதேன் தோட்டத்துல தேடாதே.

போதும். திரும்பவும் மாமா ஆயிடுறேன்.

சின்னவனே, நீ முரண்பாட்டுப் பட்டியல் வச்சிருக்கே. நல்ல பட்டியல். தாவீது ராஜா ஜனத்தொகை எடுத்தது உனக்கு ரொம்பப் பிடிச்சது, எனக்கும் பிடிச்சதுதான். 2 சாமுவேல் 24-ல அவனைத் தூண்டினது கர்த்தர். 1 நாளாகமம் 21-ல அதே வேலையைச் செஞ்சது சாத்தான். எண்ணிக்கையும் ஒத்துப்போகலை. இங்க எட்டு லட்சம், அஞ்சு லட்சம். அங்க பதினொரு லட்சம், நாலு லட்சத்தி எழுபதாயிரம். யோசேப்போட அப்பன் மத்தேயுல யாக்கோபு, லூக்காவுல ஏலி. விசுவாசம் போதும்னு பவுல், செயல் இல்லாத விசுவாசம் செத்ததுன்னு யாக்கோபு. அப்பன் குற்றம் மூணு நாலு தலைமுறைக்கு வரும்னு யாத்திராகமம், மகன் அப்பன் குற்றத்தைச் சுமக்க மாட்டான்னு எசேக்கியேல். எல்லாம் சரிதான்டா. என்னமோ நீதான் 2,000 வருஷத்துல முதல்ல டார்ச் அடிச்சுக் கண்டுபிடிச்ச மாதிரி முகத்தை வச்சுக்காதே, அதுதான் சகிக்கலை.

ததியான்னு ஒரு ஆள். கி.பி. 170 வாக்கில நாலு சுவிசேஷத்தையும் பிரிச்சு, இடிக்கிறதை எல்லாம் தட்டிக் கொட்டி ஒரே சுவிசேஷமா தைச்சு வச்சுட்டார். சிரியாவுல சுரியானிச் சபைங்க ரொம்ப காலம் அதைத்தான் வாசிச்சாங்க. நம்ம கோதமங்கலத்துக்காரங்களுக்குப் பெரியப்பன் முறை ஆகிற சபைங்க. முரண்பாடே இல்லாத, வழவழன்னு ஒரு புஸ்தகம். அஞ்சாம் நூத்தாண்டுல தெயோதொரேத்துன்னு ஒரு பிஷப் வந்தார். அதுல 200 பிரதிக்கு மேல பிடுங்கி ஒதுக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு இடிக்கிற நாலையுமே திருப்பி வச்சார். முரண்பாட்டை ஒழிக்க வாய்ப்பு கிடைச்சும் சபை வேணாம்னுச்சு. ஏன்னு நீ யோசி, உன் பட்டியலுக்கு அது நல்லது. பெரியவனே, புஸ்தகத்துல ஒரு எழுத்து கூட முரண் இல்லைன்னு நீ கத்துறியே, நீ கேக்கிறது ததியான் புஸ்தகம். அதை உன் சபையோட பாட்டன்மார் எப்பவோ தூக்கிப் போட்டுட்டாங்க.

விவாதம் பண்றதுன்னா யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மாதிரி பண்ணணும். பெர்சிவல் பாதிரியாரோட உக்காந்து பைபிளைத் தமிழ்ல திருத்திக் கொடுத்தவர், பரம சைவர். வரிக்கு வரி தெரியும். 1854-ல சைவதூஷண பரிகாரம்னு போட்டார். கோயில், விளக்கு, தூபம், அபிஷேகம்னு எங்களைக் கேலி பண்றீங்களே, இதெல்லாம் உங்க பழைய ஏற்பாட்டுலயே இருக்கேன்னு அதிகாரம் சொல்லிக் கேட்டார். பாதிரிமாருக்குக் கோபம் வந்துச்சே தவிர, அந்த ஆளுக்கு வேதம் தெரியாதுன்னு சொல்ல முடியலை. நீங்க ரெண்டு பேரும் எதிராளி புஸ்தகத்தைப் படிக்கிறது இருக்கட்டும். உங்க கையில இருக்கிறதையாவது பிரிச்சுப் பாருங்க.

கர்மப் பாவத்துக்கு உதாரணம் வேணும்னா வெளிநாடு போக வேணாம், சின்னக்கானல் போ. 2017-ல ஏப்ரல் 16 ஈஸ்டர். நாலே நாள் கழிச்சு 20-ஆம் தேதி, பாப்பாத்திச்சோலையில அரசாங்க நிலத்துல நட்டிருந்த பெரிய இரும்புச் சிலுவையை ரெவின்யூ ஆளுங்க போலீசோட வந்து பேத்து எடுத்தாங்க. ஒரு ஜெபக் குழு நட்டதாச் சொன்னாங்க. தேவிகுளம் சப் கலெக்டர் ஸ்ரீராம் வெங்கிட்டராமன் காலம். உடனே முதலமைச்சர் பினராயி விஜயனுக்குக் கோபம் வந்துருச்சு, சிலுவையை இப்படியா பிடுங்குறதுன்னு. கம்யூனிஸ்ட்காரர் சிலுவைக்குப் பரிஞ்சு பேசினதை என் கண்ணால பாத்துட்டேன், இனி எந்த அற்புதத்தையும் நான் சந்தேகப்பட மாட்டேன். பாவிங்களை ரட்சிக்கிற சிலுவை எனக்குத் தெரியும். புறம்போக்கை ரட்சிக்கிற சிலுவையைப் பத்தி எந்த சுவிசேஷத்துலயும் படிச்ச ஞாபகம் இல்லை. நாலும் ஒத்துப்போற விஷயங்கள்ல அது ஒண்ணு. சூலம் நட்டாலும் கொடிமரம் நட்டாலும் இதேதான், பெரியவன் மட்டும் குத்தப்பட்டதா நினைக்க வேணாம்.

மிச்சம் இருக்கிறது சுயசித்தம். இதுக்குத்தான் நீங்க கோழிக்குழம்பு ஆறிப்போகப் பேசினது. பார்வோனோட இருதயத்தைக் கர்த்தர் கடினப்படுத்தினாருன்னு ஒரு இடம், அவனே கடினப்படுத்திக்கிட்டான்னு இன்னொரு இடம், ரெண்டும் யாத்திராகமம்தான். அப்ப தண்ணியில முக்கினது யாரு குத்தத்துக்குன்னு சின்னவன் கேட்டான். நல்ல கேள்வி. 1524-ல எராஸ்முஸ் மனுசனுக்குச் சுயசித்தம் உண்டுன்னு எழுதினார். அடுத்த வருஷமே லூத்தர் பிடிச்சுக்கிட்டார், அதெல்லாம் அடிமைதான்னு. அப்புறம் கத்தோலிக்கர்லயே இயேசு சபைக்காரங்களும் தொமினிக்கன்காரங்களும், கடவுளோட கிருபை முந்தியா மனுசனோட சித்தம் முந்தியான்னு ரோமாபுரியில வருஷக்கணக்கா வாதாடினாங்க. 1607-ல அஞ்சாம் பவுல் போப் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, ஒருத்தரை ஒருத்தர் பதிதன்னு திட்டாதீங்க, தீர்ப்பு பின்னால வரும்னு அனுப்பி வச்சார். இன்னும் வரலை. இந்த மலையில பட்டா கேஸ் நடத்துறவன் யாரும் மனசு தளர வேண்டியதில்லை.

ஆனா சுயசித்தத்தை நான் ஒரு தடவை கண்ணால பாத்திருக்கேன். 2015 செப்டம்பர். போனசை இருபது சதமானத்துலருந்து பத்தாக் குறைச்சாங்க. கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க யூனியன்காரனையும் கேக்கலை, கட்சிக்காரனையும் கேக்கலை. பெம்பிளை ஒருமைன்னு மூணாறு ரோட்டுல உக்காந்தாங்க. தலைவருங்க வந்தா எட்டிப் போன்னாங்க. ஒன்பது நாள். இருபது சதமானம் வந்துச்சு. முன்குறிக்கப்பட்டது அதுவா இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. உங்க அம்மாவும் அந்த ரோட்டுலதான் உக்காந்திருந்தா. நீங்க ரெண்டு பேரும் வீட்டுல சோறு இல்லைன்னு என்கிட்ட வந்து அழுதீங்க.

அவளைப் பத்திதான் பேசணும். என் தங்கச்சிக்கு வர்ற வருஷம் அம்பத்தெட்டு. தோட்டத்துக் கணக்குல பேர் வெட்டிடுவாங்க. பேர் வெட்டினா லயத்து வீட்டைக் காலி பண்ணணும். பாட்டன் காலத்துலருந்து நாலாவது தலைமுறையா இருக்கிற வீடு, நம்ம பேர்ல ஒரு சென்ட் இல்லை. பிள்ளைங்கள்ல ஒருத்தன் தோட்டத்துல பேர் கொடுத்தா வீடு நிக்கும், இல்லைன்னா கயத்தாறுக்கு மூட்டை கட்டணும். அங்க யாரு இருக்கா? ரெண்டு வருஷமா அவ உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கா, நீங்க ஆதாம் முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க.

பெரியவனுக்கு ஊழியத்துக்கு அழைப்பு வந்துருச்சு, ஆகவே வர முடியாது. சின்னவனுக்குக் கொச்சியில கம்ப்யூட்டர் வேலை, அவன் சுதந்திர மனுசன், அவனும் வர முடியாது. ஒருத்தனுக்குக் கடவுள் முடிவு பண்ணிட்டார், இன்னொருத்தனுக்கு அவனே முடிவு பண்ணிட்டான். பதில் என்னமோ ஒண்ணாத்தான் வருது. நான் குத்தம் சொல்லலை. நானும் என் மருமக பேர் பதிஞ்ச வீட்டுலதான் படுத்திருக்கேன். அவளுக்கு டவுன்ல துணிக்கடை வேலை கிடைச்சுது. வீட்டுக்காக வேணாம்னுட்டா. அதை அவளாத்தான் முடிவு பண்ணினான்னு நான் வெளியில சொல்லிக்கிறேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை விவாதம் வச்சுக்கலாம். பெரியவன் சுயசித்தம் உண்டுன்னு பேசணும், சின்னவன் எல்லாம் முன்குறிச்சபடின்னு பேசணும், மாத்திப் பேசினாத்தான் படிப்பீங்க. தலைப்பை உங்க அம்மாதான் சொல்லுவா, தோட்டத்துல யாரு பேர் கொடுக்கிறதுன்னு. கோழி நான் வாங்கித் தரேன். ஃபாரத்துக்கும் பேனாவுக்கும் கிளார்க்குகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.